முப்பதுக்குப் பதினொன்று

படம் வரைவதற்கு 70 மார்க், வரைந்தவர்களைப் பற்றி எழுதுவதற்கு 30 மார்க். சி.பி.எஸ்.இ. பிளஸ் டூவில் பெயின்டிங் என்கிற பாடத்துக்கு இதுதான் பங்கீடு. எழுபதைப் பார்த்து ஓடிவந்து சேர்கிறவர்கள் முப்பதில் வழுக்கி விழுவார்கள். செய்முறை, எழுத்து இரண்டிலும் தனித்தனியாக 33 சதவீதம் எடுத்தாக வேண்டும். முப்பதுக்கு 33 சதவீதம் என்பது 9.9. அரையாண்டுத் தேர்வில் என் மகள் வாங்கியது 11.

“தேவைக்கு மேலேயே 1.1 எடுத்திருக்கேன்பா” என்றாள். கணக்கு வேண்டாம் என்று பெயின்டிங் எடுத்த பெண்ணுக்கு இந்தக் கணக்கு மட்டும் மின்னலாக வந்தது.

அவள் இந்தப் பாடத்தை எடுத்தபோதே சொந்தக்காரர்கள் விசாரித்துவிட்டார்கள். “பெயின்டிங்கா? எங்க வீட்டு ஹாலுக்கு எப்போ வந்து அடிக்கும் பொண்ணு?” என்று கேட்ட மச்சான் இன்றும் அதே ஜோக்கைப் பொங்கலுக்குப் பொங்கல் புதுசாகச் சொல்கிறார். நான்தான் அவளுக்குப் பரிந்து பேசினேன். கலையில் எனக்கிருந்த ஈடுபாடு காரணமில்லை. 70 மார்க் செய்முறை என்று ப்ராஸ்பெக்டஸில் படித்திருந்தேன்.

வரைவதில் அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வீடு பேசின் பிரிட்ஜில், தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறது. சென்ட்ரலுக்கு வரும் எக்ஸ்பிரஸ் ரயில்கள் இந்தியா முழுக்கத் தாண்டி நேரத்துக்குப் பேசின் பிரிட்ஜ் வந்துவிடும். அதற்கப்புறம் ஒரே ஒரு ஸ்டேஷன். அங்கே போய்ச் சேர்வது அவரவர் தலையெழுத்து. பெட்டியைத் தூக்கிக் கதவருகே வந்து நின்றுவிட்ட பயணிகள், இறங்கவும் முடியாமல் திரும்பப் போய் உட்காரவும் மனமில்லாமல், எங்கள் சமையலறையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். என்ன குழம்பு என்பதை என்னைவிட முன்னால் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள்தான். மாடி வராந்தாவில் உட்கார்ந்து இந்த முகங்களை வரைந்து வரைந்துதான் அவள் கை தேர்ந்தது. தலையில் சூட்கேஸை வைத்துக்கொண்டே தூங்குகிறவர், சீப்பை எடுத்து வாரிக்கொண்டு மறுபடி கலைத்துக்கொள்கிறவர், போனில் “வந்துட்டேன், வந்துட்டேன்” என்று அரை மணி நேரமாக வந்துகொண்டே இருக்கிறவர். காசு கேட்காத மாடல்கள். சிக்னல் விழுந்துவிட்டால் மட்டும் பாதிப் படத்தோடு போய்விடுவார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு எழுத்தில் 11 என்றால் குறை எழுத்தில்தான் இருக்க வேண்டும். எழுத்து என்றால் நான். ஒரு கிடங்கில் ஸ்டோர்ஸ் கிளார்க்காகத் தலை நரைத்தவன். நான் எழுதும் ஆபீஸ் குறிப்புகளுக்கு இதுவரை எந்த மேலதிகாரியும் விளக்கம் கேட்டதில்லை. முதல் பாராவிலேயே களைத்துப்போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இந்தத் திறமை வீட்டுக்குள் வீணாகக் கிடக்கிறதே என்று எனக்கு நீண்ட நாளாக ஆதங்கம்.

“தியரியை என்கிட்ட விடு” என்றேன்.

மனைவி அடுப்பிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. குக்கர்தான் ஒரு விசில் விட்டது.

முதல் வேலையாகச் சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளம் காம்ப்ளெக்ஸுக்குப் போனேன். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு பழைய புத்தகக் கடைகள் குடியேறிய இடம். பழைய கேள்வித்தாள் கட்டு ஒன்றும், யாரோ ஒரு மாணவர் பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் பூசி வைத்திருந்த கைடு ஒன்றும் வாங்கினேன். கைடைப் படிக்கப் படிக்க எனக்கு மகிழ்ச்சி தாளவில்லை. இது கலையே இல்லை, ஸ்டோர்ஸ்! படத்தின் பெயர், வரைந்தவர், எந்தப் பள்ளி, எதன்மேல் எதைக்கொண்டு வரைந்தார், என்ன உத்தி, காலம், இப்போது எந்த மியூசியத்தில் இருக்கிறது. பொருளின் பெயர், சப்ளையர், கிரேடு, வந்த தேதி, ரேக் நம்பர். முப்பது வருடமாக நான் எழுதிக்கொண்டிருக்கும் பின் கார்டு, அதாவது சரக்குச் சீட்டு, இதுதான்.

ஆபீஸிலிருந்து வெற்று பின் கார்டுகள் கொஞ்சம் வீட்டுக்கு வந்தன. எப்படி வந்தன என்று இங்கே எழுதுவதற்கில்லை. ஒரு படத்துக்கு ஒரு கார்டு. மாரு ராகினி: சாஹிப்தீன், மேவார், 1628. ஊஞ்சலில் கிருஷ்ணன்: நூருத்தீன், பிகானேர், 1683. ராதா, அதாவது பனி டனி: நிகால் சந்த், கிஷன்கர், 1760. பறவை மேடையில் வல்லூறு: உஸ்தாத் மன்சூர், ஜஹாங்கீரின் அரண்மனை. கார்டுகளை நூலில் கோத்து ஆணியில் மாட்டினேன். பார்ப்பதற்கே ஒரு ஒழுங்கு. இரவு சாப்பாட்டுக்குப் பின் ஸ்டாக் வெரிஃபிகேஷன் நடக்கும். நான் பெயரைச் சொல்ல, அவள் விவரம் சொல்ல வேண்டும்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, போலோ வரும் வரை.

அப்போதைய பிளஸ் டூ பாடத்தில் பெண்கள் குதிரை மேல் ஏறிப் போலோ ஆடும் படங்கள் இரண்டு இருந்தன. ஒன்று ஜோத்பூரில் தானா என்பவர் 1810-இல் வரைந்த ‘சௌகான் ஆட்டக்காரர்கள்’. இன்னொன்று தக்காணத்துக் கோல்கொண்டாவின் ‘சாந்த் பீபி போலோ ஆடுகிறார்’. சௌகான் என்றாலும் போலோதான் என்பது அடுத்த வெடிகுண்டு. ஒரு கிடங்கில் ஒரே மாதிரி இரண்டு சரக்கு வந்தால் ஒன்றைத் திருப்பி அனுப்பிவிடலாம். பாடத்திட்டக் குழுவுக்கு நான் எங்கே லெட்டர் போடுவது? மூன்று பேரும் குழம்பி, ஜோத்பூரைக் கோல்கொண்டாவுக்கும் கோல்கொண்டாவை ஜோத்பூருக்கும் மாற்றி மாற்றி டெஸ்பாட்ச் செய்துகொண்டிருந்தோம். கடைசியில் மனைவிதான் கீரை ஆய்ந்துகொண்டே தீர்த்து வைத்தாள். “ராணி பேர் தெரிஞ்சா தக்காணம். பேர் தெரியாத இளவரசின்னா ஜோத்பூர். இதுக்குப் போய் இவ்வளவு சத்தமா?” அக்பரின் படையை எதிர்த்து 1595-இல் அகமத்நகர்க் கோட்டையைக் காத்த சாந்த் பீபியை அதன்பின் எங்கள் வீட்டில் யாரும் வேறு யாரோடும் குழப்பிக்கொள்ளவில்லை.

பின் கார்டு பெயருக்கும் ஆண்டுக்கும் போதும். ஒரு மார்க் கேள்விகள் விழுந்துவிடும். ஆறு மார்க் கேள்விக்கு இருநூறு வார்த்தை எழுத வேண்டுமே? அங்கேதான் என் எழுத்துத் திறமை முழுதாக இறங்கியது. எல்லாப் படத்துக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு பத்தி தயாரித்துக் கொடுத்தேன். கோடுகள் நளினமானவை. வண்ணங்கள் ஒளி பொருந்தியவை. முகபாவம் உயிரோட்டமானது. பின்னணி இயற்கை எழில் மிக்கது. அமைப்பு சமநிலை குலையாதது. இந்த ஓவியம் அந்தப் பள்ளியின் தலைசிறந்த படைப்பு. ‘அந்தப் பள்ளி’ என்கிற இடத்தில் மட்டும் பெயரை மாற்றிக்கொண்டால் போதும். ஆபீஸில் நான் ஆண்டறிக்கை எழுதுகிற முறையே இதுதான். அங்கே இதற்கு ஒரு தடவை பாராட்டுக் கடிதம்கூட வந்திருக்கிறது.

அடுத்த வகுப்புத் தேர்வில் மன்சூரின் வல்லூறு வந்தது. மகள் என் பத்தியை வரி பிசகாமல் எழுதிவிட்டு வந்தாள். மேடைமேல் ஒரே ஒரு பறவை, பின்னால் வெறுமை. அதற்கு இயற்கை எழில் மிக்க பின்னணி என்று எழுதியிருந்தோம். டீச்சர் சிவப்பு மையில் கீழே ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: “இது எந்தப் படம்?”

ஆறுக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் பின் கார்டுக்கு விழுந்தது.

எனக்குக் கோபம் வந்தது. டீச்சர்மேல் கோபப்பட வழியில்லாததால் மன்சூர்மேல் கோபப்பட்டேன். ‘நாதிர் உல் அஸ்ர்’, காலத்தின் அதிசயம் என்று ஜஹாங்கீர் பட்டம் கொடுத்த மனிதர், பின்னணியில் நாலு மரம் வரைந்திருக்கக் கூடாதா? மகள் பாடப்புத்தகத்தை என்முன் விரித்து வைத்தாள். “நீங்க ஒரு தடவையாவது படத்தைப் பாத்தீங்களாப்பா?” பார்க்கவில்லைதான். ஸ்டோர்ஸ் கிளார்க் சரக்கைப் பார்ப்பதில்லை, சீட்டைத்தான் பார்ப்பான். அது எங்கள் தொழில் தர்மம்.

பார்த்தேன். அந்தப் பறவை என்னையே முறைத்தது. இறகு இறகாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக. இதில் எதை நளினம் என்பது?

இந்தச் சம்பவத்துக்குப் பின் தியரி இலாகா என் கையிலிருந்து மெல்ல நழுவி வீட்டில் உள்ள எல்லோர் கைக்கும் போனது. நான் பெயரளவில் தலைவராக நீடித்தேன்.

ஒரு நாள் குளியலறை பக்கெட்டில் ஒரு படம் மிதந்துகொண்டிருந்தது. சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து அவள் தீட்டியது. பதறிப்போய் எடுத்து உதறி, கொடியில் போர்வைக்குப் பக்கத்தில் கிளிப் போட்டுக் காயவைத்தேன். மகள் வந்து பார்த்து, எடுத்து, மறுபடி பக்கெட்டிலேயே போட்டாள். “வாஷ் டெக்னிக்பா. கலர் பூசணும், தண்ணில முக்கணும், காயவைக்கணும், மறுபடி பூசணும்.” ஜப்பானிய ஓவியர்களிடம் பார்த்து அவனீந்திரநாத் தாகூர் தனக்கேற்ப மாற்றிக்கொண்ட முறையாம். நிறம் காகிதத்தின் மேல் உட்காராமல் உள்ளே இறங்கி, புகை படிந்தாற்போல் ஒரு மங்கல் வருகிறது. பேசின் பிரிட்ஜில் எந்தத் துணியைக் காயப்போட்டாலும் அந்த மங்கல் தானாகவே வரும் என்று மனைவி சொன்னாள். ஆனாலும் வங்காளப் பள்ளியின் உத்தி என்ன என்று கேட்டால் இப்போது எங்கள் வீட்டில் தூக்கத்திலும் பதில் வரும். பக்கெட்டைச் சொன்னால் போதும்.

அந்த அவனீந்திரநாத்தின் ‘பயணத்தின் முடிவு’ என்ற படம் பாடத்தில் இருக்கிறது. பாலைவனத்து அந்தி. முதுகில் மூட்டையோடு ஒரு ஒட்டகம் முன்னங்காலை மடித்துச் சரிந்து, கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. பார்த்தால் மனசு பிசையும். மகள் அதை அம்மாவிடம் காட்டினாள். அம்மா ஒரு நொடிதான் பார்த்தாள். “ஸ்டாக் டேக்கிங் முடிஞ்சு அப்பா வர்றப்ப இப்படித்தான் இருக்கும்” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். “கழுத்து மட்டும் அதுக்கு நீளம்.” அந்தப் படத்துக்கு பின் கார்டு தேவைப்படவில்லை. வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே உள்ளேயிருந்து இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சிரிப்புச் சிரித்தார்கள்.

பசோலி மட்டும் என் பங்கு. இமயத்தடிவாரத்துப் பகாடிப் பள்ளியில் பசோலி ஓவியர்கள் நகைகளில் மரகதம் காட்டுவதற்குப் பச்சை வண்டின் இறகோட்டைத் துளித்துளியாக நறுக்கி ஒட்டினார்கள் என்று கைடு சொன்னது. வண்டின் இறகோடா? பொன்வண்டு! பொன்னேரியில் பாட்டி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கொடுக்காப்புளி மரத்தில் பிடித்துத் தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்த்திருக்கிறேன். முட்டை போடும் என்று காத்திருப்போம். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பச்சை நீலமாகும், நீலம் செம்பாகும். அதையெல்லாம் கண் விரியச் சொன்னேன். மகள் முதல்முறையாக என் வகுப்பில் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டாள். அந்த நாளின் பெருமை எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இன்னொரு உதவி எதிர் வரிசையிலிருந்த கேஸ் வெல்டிங் பட்டறையிலிருந்து வந்தது. பி.வி. ஜானகிராமின் ‘விநாயகர்’ என்கிற செப்புச் சிற்பம் பாடத்தில் இருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர், 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று ஆரம்பித்த சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைச் சேர்ந்தவர். கைடில் அதற்குப் போட்டிருந்த விளக்கம் எனக்கே புரியவில்லை. என் ஆபீஸ் குறிப்புக்கு வேறெங்கோ ஒரு அண்ணன் இருக்கிறான் என்று மட்டும் தெரிந்தது. பட்டறைக்காரர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் போட்டோவைப் பார்த்தார். “செப்புத் தகடும்மா. உள்ளுக்குக் குழியத் தட்டிக்கினு, மேல கம்பிய வளைச்சு வெச்சுப் பத்த வெச்சிருக்காரு. சாமி சிலை மாதிரி வார்ப்பு கெடையாது. பூரா கைவேலை. முன்னாலேந்து பாக்கறதுக்குன்னே செஞ்சது இது, பின்னாடி போய்ப் பாத்தா ஒண்ணும் இருக்காது.” கைடு ஒரு பக்கம் முழுக்கச் சுற்றி வளைத்துச் சொன்னதை மனிதர் டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டார். கடைசியில், “ரொம்ப நல்லா ஜாயின்ட் எடுத்திருக்காரு” என்றும் சேர்த்துக்கொண்டார். கலை விமர்சனத்தில் நான் கேட்ட மிக நேர்மையான பாராட்டு அது.

பிறகு உழைப்பாளர் சிலை.

தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் ‘உழைப்பின் வெற்றி’ டெல்லியில் உட்கார்ந்து பாடம் போடுகிறவர்கள் நாடு முழுவதுக்கும் வைத்திருக்கும் சிற்பம். குவாஹாத்திப் பிள்ளைகளும் ஜெய்ப்பூர்ப் பிள்ளைகளும் போட்டோவைப் பார்த்து மனப்பாடம் செய்கிறார்கள். நமக்கு அது மெரினாவில் பஸ் ஸ்டாப். “இதுல நமக்குச் சலுகை. சின்ன வயசிலேர்ந்து பாத்த சிலை” என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

“எத்தனை பேர்ப்பா இருக்காங்க அதுல?”

யோசித்தேன். ஐந்து என்று வாய் வரை வந்தது. மூன்றோ? ஆபீஸில் மறுநாள் விசாரித்தேன். பிறந்ததிலிருந்து சென்னையை விட்டு நகராதவர்கள் மூன்று என்றார்கள், ஆறு என்றார்கள். ஒருவர் “ஒரு பொம்பளையும் உண்டுல்ல?” என்றார். நீங்களும் இப்போது மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பினோம். என் அப்பாவும் வந்தார். பேசின் பிரிட்ஜில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்துச் சேப்பாக்கம். வழியெல்லாம் நான் விளக்கவுரை. நம் வீட்டுக்கு நாலு தெரு தள்ளினாற்போல் பெரியமேட்டில் இருக்கிறதே ஓவியக் கல்லூரி, அதை 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் ஆரம்பித்தார். ஹேவெல் என்கிற ஆங்கிலேயர் அங்கே தலைமையில் இருந்துவிட்டுத்தான் கல்கத்தா போய் அவனீந்திரநாத்தோடு சேர்ந்தார். அந்த அவனீந்திரநாத்தின் மாணவர் ராய் சௌத்ரி திரும்ப இங்கே வந்து, கல்லூரியின் முதல் இந்தியத் தலைவராகி, கிட்டத்தட்ட முப்பது வருடம் நடத்தினார். வங்காளப் பள்ளியின் ஒரு நுனி பெரியமேட்டில்தான் கட்டியிருக்கிறது என்று எழுதினால் டீச்சர் அசந்துபோவார். மகள் ஜன்னல் வழியே யாரையோ வரைந்துகொண்டிருந்தாள். எதிர்சீட்டில் இருந்த பெரியவர்தான் முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்புறம்?” என்றார்.

சிலையில் நாலு பேர். ஒரு பாறை. கழியைக் கொடுத்து நெம்பித் தள்ளுகிறார்கள். அவ்வளவுதான். மகள் சுற்றிச் சுற்றி வந்தாள். நான் பின் கார்டைப் படித்தேன்: வெண்கலம், திறந்தது 1959, இதே மெரினாவில் இருக்கும் காந்தி சிலையும் இவர் செய்ததே, மாடலாக நின்றவர்களில் ஒருவர் கல்லூரிக் காவலாளி என்பார்கள், சிற்பியே மல்யுத்தம் பழகியவர், அதனால்தான் தசை தசையாக...

அப்பா பாறைப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் தறி ஓட்டியவர். 1918-இல் அந்த மில் தொழிலாளர்களைக் கொண்டுதான் வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நடத்தினார்கள். அதெல்லாம் அவருக்கு முந்தைய கதை. ஆனால் சங்கக் கூட்டம் என்றால் இன்றைக்கும் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

“ஏண்டா” என்றார் என்னிடம். “நாலு பேரு வேலை செய்றான். மேஸ்திரி எங்க?”

“மேஸ்திரி இல்லப்பா. சிற்பத்துல இவ்வளவுதான்.”

“அதான் கேக்கறேன். கல்லு தூக்கற எடத்துல மேஸ்திரி இல்லாம நான் பாத்ததே இல்ல. ஒருத்தன் வெத்தலை போட்டுக்கினு ஓரமா நின்னு கத்திக்கினு இருப்பான். இவங்க யாரும் யாரையும் திரும்பிப் பாக்கல பாரு. வேற யாரோ சொல்லித் தள்ற மாதிரி இல்ல. இவங்களுக்காகத் தள்றாங்க.” கொஞ்சம் கழித்து, “இன்னும் கல்லு நவுரல” என்றும் சொன்னார். “நவுந்துட்டா எவனும் இவ்ளோ குனிய மாட்டான்.”

மகள் நோட்டில் மளமளவென்று எழுதினாள். வழியெல்லாம் நான் சொன்னதில் ஒரு வரிகூட எழுதாத கை அது. நான் போய் எல்லோருக்கும் மாங்காய் பத்தை வாங்கி வந்தேன். தலைவர் என்ற முறையில் அது என் பொறுப்பு.

அன்றிரவே அவள் பதில் எழுதிப் பார்த்தாள். முதல் இரண்டு வரி என் பின் கார்டு: பெயர், சிற்பி, வெண்கலம், ஆண்டு, இடம். அதற்குப்பின் நளினமும் இல்லை, ஒளியும் இல்லை. நாலு உடம்பும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் பார்க்கிறவர் கண் பாறையை நோக்கி ஓடுகிறது. மேற்பார்வை செய்ய ஆள் இல்லை. அரசனோ கடவுளோ தலைவரோ நிற்க வேண்டிய பீடத்தில் கூலிக்காரர்கள் நிற்கிறார்கள். பெயர் ‘வெற்றி’, ஆனால் கல் இன்னும் நகரவில்லை, சிற்பி வெற்றி என்று சொல்வது அந்த முயற்சியைத்தான். இந்தியாவின் முதல் மே தினத்தை 1923-இல் சிங்காரவேலர் கொண்டாடிய கடற்கரையில் இந்தச் சிலை நிற்பது பொருத்தம்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. “மேஸ்திரி இல்லைன்னு கைடுல எங்கேயும் இல்லையேம்மா. சிலைல இல்லாததை எழுதினா மார்க் குறைப்பாங்க. இருக்கறதை மட்டும் எழுது.”

“இல்லாததும் படத்துல இருக்கறதுதாம்பா. மன்சூர் மரம் வரையலைல்ல, அந்த மாதிரி.”

பதில் சொல்ல முடியாமல், மார்ஜின் சரியாக விடவில்லை என்று கண்டித்துவிட்டுப் படுக்கப் போனேன்.

அதிலிருந்து அவளுடைய முறை என்று ஒன்று உருவாகிவிட்டது. நான் பக்கத்தில் உட்கார அனுமதி உண்டு, பேச அனுமதி இல்லை. பாடப்புத்தகத்தை விரித்து ஒரு படத்தைப் பேசாமல் பார்ப்பாள். பிறகு மூடிவிட்டு, நினைவிலிருந்து பென்சிலால் சின்னதாகக் கிறுக்குவாள்: யார் எங்கே நிற்கிறார், யார் யாரைப் பார்க்கிறார், எங்கே இருட்டு, எங்கே காலி இடம். அந்தக் கிறுக்கலைப் பார்த்துக்கொண்டே எழுதுவாள். வரைகிற பெண்ணுக்கு மனப்பாடம் கையில்தான் இருக்கிறது என்பது இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லை. போர்டு பரீட்சையில் கேள்வித்தாளைப் படிப்பதற்கென்று 15 நிமிடம் தருகிறார்கள். எழுதக் கூடாது. அந்த 15 நிமிடத்தில் மனசுக்குள்ளேயே படத்தை வரைந்துவிட்டால், மீதி இரண்டு மணி நேரம் தாராளம் என்றாள்.

எழும்பூர் மியூசியத்துக்கும் போனோம். பிளஸ் டூ பாடத்துக்கு நேரடியாக அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, வெண்கலக் கூடமெல்லாம் பிளஸ் ஒன். இருந்தாலும் பார்த்துப் பழகட்டும் என்று நான்தான் அழைத்துப் போனேன். திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் அவள் வரைய உட்கார்ந்தாள். நான் காவலரிடம் பின் கார்டு முறையின் சிறப்பை விளக்கினேன். அவருக்கு ஸ்டோர்ஸ் அனுபவம் இருந்தது, ரொம்ப நேரம் பேசினோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் நடராஜரைப் பார்க்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. வெளியில் சொல்லவில்லை.

ப்ரீ போர்டில் 21 வந்தது. டீச்சர் மேஸ்திரி வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறியும் போட்டிருந்தார். அப்பா அந்தப் பேப்பரை வாங்கிப் போய் டீக்கடையில் காட்டினார். இரண்டு நாள் கழித்து எண்ணெய்க் கறையோடு திரும்பி வந்தது. போர்டு பரீட்சை மார்க்‌ஷீட்டில் தியரி 26, செய்முறை 69. அந்த ஒரு மார்க் ஏன் போனது என்று நான் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

கோடைவிடுமுறையில் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். கட்டட கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவர். அவர் பெண்ணும் பெயின்டிங் எடுக்கப் போகிறதாம். “தியரில எப்படி சார் இவ்வளவு மார்க் வாங்க வெச்சீங்க?” என்று என்னைக் கேட்டார். என்னைத்தான் கேட்டார். மனைவி காபி டம்ளரோடு அங்கேயே நின்றுவிட்டாள். நான் ஆணியிலிருந்து பின் கார்டுகளைக் கழற்றி, அலெக்சாண்டர் ஹன்டரிலிருந்து ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் இருக்கட்டும்” என்று மகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “அங்கிள், உழைப்பாளர் சிலைல எத்தனை பேர்?”

“அஞ்சு” என்றார் அவர், யோசிக்காமல்.

மேஸ்திரியையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்.